ஈரவலயத்தில் முட்டைக் காடை வளர்ப்பு: வெப்பமும் ஈரப்பதனும் ஏற்படுத்தும் தாக்கங்கள்

குறைந்த இடம், குறைந்த முதலீடு, விரைவான வருவாய் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த சுயதொழில்கள் சிலவே. முட்டைக்கான காடை வளர்ப்பு அவற்றுள் ஒன்றாகும். குஞ்சு பொரித்து ஆறு அல்லது ஏழு வாரங்களில் பெட்டைக் காடை முட்டையிடத் தொடங்கிவிடுகின்றது. நாட்டுக் கோழிக்கு ஐந்து, ஆறு மாதங்கள் தீனி போட்டுக் காத்திருக்கும் குடும்பத்திற்கு இது பெரும் வேறுபாடாகும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டக் குடியிருப்புகளில் இறப்பர்ப் பால்வெட்டு மழையால் தடைப்படும் நாட்களில் வேறு வருமானம் தேடும் குடும்பங்களுக்கு நூறு, இருநூறு காடைகள் கொண்ட சிறு பண்ணை ஓர் ஆறுதலாக அமையக்கூடும்.

ஆயினும், இத்தொழிலைத் தொடங்குவோர் பலர் முதல் சில மாதங்களில் நல்ல பலனைக் கண்டு, பின்னர் முட்டை எண்ணிக்கை காரணமின்றிக் குறைவதையும் பறவைகள் ஒவ்வொன்றாக மடிவதையும் கண்டு மனம் சோர்ந்து கைவிட்டுவிடுகின்றனர். நோய் வந்துவிட்டது என்றோ, குஞ்சு தரமற்றது என்றோ கருதப்படும் இத்தகைய தோல்விகள் பலவற்றின் பின்னணியில் இருப்பது காலநிலையேயாகும். அதிலும் குறிப்பாக, வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்து ஏற்படுத்தும் தாக்கம் உரிய முறையில் விளங்கிக்கொள்ளப்படவில்லை.

கரவனெல்லப் பிரதேசத்தின் காலநிலை

கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், களனி கங்கையை அண்டி, அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் வீதியும் கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய ஊடாக வரும் வீதியும் சந்திக்கும் இடம் கரவனெல்லவாகும். ருவான்வெல்ல, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட ஆகியவற்றைச் சூழவுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களைப் போலவே இதுவும் தாழ்நில ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பகுதியே இலங்கையில் ஈரவலயம் எனப்படுகின்றது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவினை ஒட்டிய இப்பிரதேசம் அந்த அளவினையும் விஞ்சிய மழையைப் பெறுகின்றது.

இங்கு பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலமே மிகவும் புழுக்கமானது. பகல் உச்ச வெப்பநிலை 33, 34 பாகை செல்சியஸைத் தொடுவது வழமை. ஏப்ரல் முதல் இரு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சங் கொடுக்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழையும் பெய்கின்றன. இவ்வெல்லாக் காலங்களிலும் மாறாதிருப்பது காற்றிலுள்ள ஈரமாகும். அதிகாலையில் ஈரப்பதன் 90 சதவீதத்தையும் தாண்டுகின்றது. இரவு வெப்பநிலையும் பெரும்பாலான மாதங்களில் 22, 23 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. பகலில் வெப்பத்தால் தளர்ந்த பறவை இரவில் முழுமையாக ஆறிக்கொள்ள வாய்ப்புக் குறைவு என்பதே இதன் பொருள்.

காடையின் இயல்பு

பண்ணைகளில் வளர்க்கப்படுவது ஜப்பானியக் காடையாகும். முட்டைக்காகவென இதனைத் தெரிந்தெடுத்து வளர்க்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானில் வளர்ச்சி கண்டது. இந்தியாவுக்கு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இசாத்நகருக்கு இது கொண்டுவரப்பட்டது. பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம், நாமக்கல் எனப் பெயரிடப்பட்ட காடை வகைகளை உருவாக்கியது.

வளர்ந்த பெட்டை 150 முதல் 200 கிராம் வரை நிறையுடையது. அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராம் தீனி உண்டு, 10 முதல் 12 கிராம் நிறையுள்ள முட்டையை இடுகின்றது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முட்டைகளுக்கு மேல் எதிர்பார்க்கலாம். தன் உடல் நிறையில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கினை முட்டையாக ஏறக்குறைய அன்றாடம் வெளியேற்றும் இச்சிறு உயிரினத்தின் உள்ளே நிகழும் வேதியியற் செயற்பாடு மிக விரைவானது. அச்செயற்பாட்டின் விளைவாக ஓயாது வெப்பம் உண்டாகின்றது. காடையின் இயல்பான உடல் வெப்பநிலை 41 முதல் 42 பாகை வரையாகும். முட்டையிடும் பருவத்தில் அதற்கு உகந்த சுற்றுச்சூழல் வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 25 பாகை வரையே. கரவனெல்லவில் பகற்பொழுதின் பெரும்பகுதி இவ்வெல்லைக்கு மேலேயே கழிகின்றது.

சிறிய உடலுக்கு நிறையோடு ஒப்பிடுகையில் பரப்பு அதிகம் என்பதால் கோழியைவிடக் காடை வெப்பத்தை ஓரளவு தாங்கும் என்பது உண்மையே. ஆனால் நெருக்கமான கூடுகளில் அடைக்கப்படும்போது அந்த இயற்கை அனுகூலம் பறவைக்குக் கிட்டாமற் போகின்றது.

ஈரப்பதன் செய்யும் மாற்றம்

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. சுற்றியுள்ள காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரை தோலினூடாகவும் கால்களினூடாகவும் வெப்பம் வெளியேறும். காற்றின் வெப்பநிலை உயர்ந்ததும் அவ்வழி சுருங்கிவிடுகின்றது. அப்போது எஞ்சியிருப்பது வாயைத் திறந்து இளைப்பதாகும். சுவாசப் பாதையிலுள்ள நீர் ஆவியாகி, போகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கின்றது. ஆனால் நீர் ஆவியாக வேண்டுமாயின் அதனை ஏற்கும் வறட்சி காற்றில் இருக்கவேண்டும். ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்றில் பறவை எவ்வளவு இளைத்தாலும் பயன் சொற்பமே.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். வெப்பநிலை 32 பாகையாக உள்ள ஓரிடத்தில் ஈரப்பதன் 40 சதவீதமாயின், நனைந்த துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 22 பாகையைக் காட்டும். அதே 32 பாகையில் ஈரப்பதன் 75 சதவீதமாயின் அது ஏறத்தாழ 28 பாகையைக் காட்டும். அதாவது, வறண்ட இடத்தில் நீரை ஆவியாக்குவதன் மூலம் 10 பாகை வரை குளிர்ச்சி பெற இடமுண்டு. ஈரவலயத்தில் அது 4 பாகையளவே. அந்த 4 பாகையும் முழுமையாகக் கைகூடுவதில்லை.

இவ்வேறுபாடு நடைமுறையில் மிகவும் முக்கியமானது. காடை வளர்ப்புப் பற்றித் தமிழில் கிடைக்கும் நூல்கள், துண்டுப்பிரசுரங்கள், காணொளிகள் என்பவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. நாமக்கல் போன்ற பகுதிகளின் வறண்ட கோடையை மனத்திற்கொண்டே அவை எழுதப்பட்டுள்ளன. கொட்டகையினுள் நீரைப் புகைபோல் தெளித்தல், நனைந்த சாக்குகளைச் சுற்றித் தொங்கவிடுதல் என்பன அங்கு பயன் தருபவை. அவற்றை அப்படியே கரவனெல்லவிலோ எஹெலியகொடையிலோ பின்பற்றினால், பறவைக்குக் குளிர்ச்சி கிடைப்பதற்குப் பதிலாக அது மூச்சுவிடும் காற்றில் மேலும் ஈரமே சேரும். படுக்கையும் தீனியும் நனைந்துபோகும். ஈரவலயத்தில் வெப்பத்திற்கு மருந்து நீரன்று, காற்றோட்டமேயாகும். இந்த ஓர் உண்மையை உணர்ந்துகொண்டால் ஏனைய தீர்வுகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

முட்டையில் வெளிப்படும் பாதிப்பு

வெப்பத்தின் முதல் விளைவு தீனி குறைதலாகும். உணவு செரிக்கும்போதும் உடலில் வெப்பம் உண்டாவதால் பறவை தானாகவே உணவைக் குறைத்துக்கொள்கின்றது. நீர் குடிப்பது அதிகரிக்கின்றது. உட்கொள்ளும் புரதமும் கல்சியமும் குறைவதால் முதலில் முட்டையின் நிறையும், அடுத்து எண்ணிக்கையும் வீழ்ச்சியடைகின்றன.

இரண்டாவது விளைவு ஓடு மெலிதலாகும். இடைவிடாது இளைக்கும் பறவை அளவுக்கதிகமாகக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது. இதனால் இரத்தத்தின் அமிலகாரச் சமநிலை குலைந்து, ஓடு அமைவதற்கு வேண்டிய இருகாபனேற்று குறைகின்றது. ஓட்டுக்குப் பயன்படக்கூடிய நிலையிலுள்ள கல்சியமும் இரத்தத்தில் குறைகின்றது. தீனியில் சிப்பித்தூள் போதிய அளவு இருந்தும் முட்டை ஓடு மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கோழி பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுகின்றது. காடையோ பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கும் பொழுது சாய்வதற்கும் இடையிலேயே முட்டையிடுகின்றது. ஆகவே, ஓடு முற்றுப்பெற்று, அதன்மேல் கபிலநிறப் புள்ளிகள் படியும் இறுதி மணித்தியாலங்கள் நண்பகலின் கடும் வெப்பத்தோடு ஒன்றிவிடுகின்றன. புள்ளிகள் மங்கிய அல்லது வெண்ணிறப் பூச்சுப் படிந்த முட்டைகள், மெல்லோட்டு முட்டைகள், கூட்டிலேயே உடைந்து கிடக்கும் முட்டைகள் என்பன கூடுதலாகக் காணப்பட்டால், அன்றைய பகல் பறவைக்குக் கடினமாக இருந்தது என்று கொள்ளலாம். மாலையில் முட்டை சேகரிக்கும் கைகளே முதல் எச்சரிக்கையை உணரவேண்டியவை.

மூன்றாவதாக, நீடித்த வெப்பம் நோயெதிர்ப்பைத் தளர்த்துகின்றது. குடலின் உட்சுவர் நலிவடைந்து, அதுவரை அடங்கியிருந்த நுண்ணுயிர்கள் பெருக இடமுண்டாகின்றது. காடைகளுக்கே உரியதெனச் சொல்லப்படுமளவுக்குப் பரவலான குடற்புண் நோய், இரத்தக் கழிச்சல் என்பன இத்தகைய தளர்ந்த மந்தைகளையே எளிதிற் பற்றுகின்றன. சேவற்காடைகளின் இனவிருத்தித் திறனும் குறைவதால் குஞ்சு பொரிக்கும் வீதமும் வீழ்கின்றது.

பொருளாதார நோக்கில் இது சிறிய விடயமன்று. நூறு பெட்டைகளில் நாளுக்கு 80 முட்டைகள் கிடைத்த இடத்தில் 60 முட்டைகளே கிடைக்கும் எனக் கொள்வோம். தீனிச் செலவு அதே அளவு குறைவதில்லை. பறவை வளர்ப்பில் மொத்தச் செலவின் மூன்றில் இரண்டு பங்கு வரை தீனிக்கே செல்வதனால், அந்த 20 முட்டைகளின் இழப்பே குடும்பத்தின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடப் போதுமானது.

மழைக்காலத்தின் மறைமுகத் தாக்கம்

மழை தொடங்கியதும் வெப்பம் தணிந்தது எனப் பலர் நிம்மதி கொள்கின்றனர். உண்மையில் அப்போது இன்னலின் வடிவம் மாறுகின்றதேயன்றி இன்னல் அகல்வதில்லை. சாரல் அடிக்கின்றது எனக் கொட்டகையின் நாற்புறமும் பொலித்தீன் விரிப்புகளால் இறுக மூடிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. உள்ளே பறவைகளின் மூச்சும் ஈர எச்சமும் சேர்ந்து காற்றைக் கனக்கச் செய்கின்றன. எச்சத்திலிருந்து அமோனியா வாயு எழுகின்றது. பத்து இலட்சத்தில் 25 பங்கு என்ற அளவினை அது எட்டும்போது பறவைகளின் கண்களும் சுவாசப் பாதையும் பாதிப்படையத் தொடங்குகின்றன. கொட்டகையினுள் நுழைந்தவுடன் மனிதரின் கண் கரிக்குமாயின், நாள் முழுவதும் அங்கேயே இருக்கும் பறவைகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஈரத்தின் மற்றொரு விளைவு பூஞ்சணமாகும். சோளம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரப்பதன் 13 சதவீதத்திற்கு மேற்படாத சோளமே சேமிப்புக்குப் பாதுகாப்பானது. ஈரவலயத்தின் காற்றில் திறந்து வைக்கப்பட்ட சாக்கில் அது விரைவிலேயே அவ்வெல்லையைக் கடந்துவிடும். அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாரொக்சின் எனும் நச்சினை உண்டாக்குகின்றது. இந்நச்சு ஈரலைத் தாக்கி, முட்டை உற்பத்தியைக் குறைத்து, நோயெதிர்ப்பையும் குலைக்கின்றது. பூஞ்சணம் படிந்த படுக்கையிலிருந்து எழும் வித்துகள் சுவாசப்பையைத் தாக்கும்போது, குறிப்பாகக் குஞ்சுகள், கொட்டாவி விடுவதுபோல் வாய் பிளந்து மடிகின்றன. இதனை வெப்பத்தால் வரும் இளைப்பெனத் தவறாகக் கருதிவிடக்கூடாது.

கொட்டகை அமைப்பு

நீள்பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கும்படி, கிழக்கு மேற்காகக் கொட்டகை அமையவேண்டும். அப்போதே காலை, மாலை வெயில் உள்ளே விழாது. பக்கச் சுவர் ஓரடிக்கு மேற்படாமல், மீதி கம்பிவலையாக இருப்பது நன்று. கூரை உயரமாகவும், அதன் விளிம்பு மூன்று, நான்கு அடி வெளியே நீண்டும் இருக்குமாயின் சாரலைத் தடுக்கப் பொலித்தீன் விரிப்பே பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படினும் காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் கீழ்ப்பாதியை மூடி, மேற்பகுதியைத் திறந்துவிடவேண்டும்.

தோட்டப்புறங்களில் மலிவாகக் கிடைப்பது தகரமே. வெற்றுத் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வெளியைவிடக் கூடுதலான வெப்பம் நிலவும். தகரத்தின் மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதும், கீழே ஓரடி இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது மூங்கிற்பாய் பரப்புவதும் குறைந்த செலவில் நல்ல பலன் தரும். கூரையின் உச்சியில் வெப்பக்காற்று வெளியேறும் இடைவெளி விடப்படல் வேண்டும்.

அடுக்குக் கூடுகளில் மேலடுக்கே மிகுந்த வெப்பமடையும். கூரைத் தகரத்திற்கும் மேலடுக்குக்கும் இடையே போதிய இடைவெளி இல்லையாயின் அவ்வடுக்கைத் தவிர்ப்பதே நன்று. ஒரு சதுர அடிக்கு ஆறு பறவைகள் என்பது வழமையான கணக்கு. ஈரவலயத்தில் அதனை நான்காகக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உண்ணும் முட்டைக்குச் சேவல் தேவையில்லை. மூன்று வார வயதில் நெஞ்சிறகின் நிறத்தைக் கொண்டு சேவல்களைப் பிரித்துவிடலாம். பெட்டையின் நெஞ்சில் கரும்புள்ளிகள் இருக்கும். சேவலின் நெஞ்சு செம்பழுப்பாக இருக்கும். சேவல்களை அகற்றினால் தீனியும் மிஞ்சும். நெருக்கமும் வெப்பமும் குறையும்.

எச்சத் தட்டுகளை மழைக்காலத்தில் அன்றாடம் அகற்றவேண்டும். தரையில் வளர்ப்போர் உமி, மரத்தூள் அல்லது தும்புத்தூளை உலர்ந்த நிலையில் இட்டு, நாள்தோறும் கிளறிவிடல் வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகத் திரளும் படுக்கை உடனடியாக மாற்றப்படவேண்டியதாகும்.

மின்விசிறி பயனுள்ளதே. எனினும் 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் நீடித்த மின்வெட்டுகளை எவரும் மறந்துவிட முடியாது. விசிறி நின்றாலும் பறவைகள் உயிர்பிழைக்கக்கூடிய திறந்த அமைப்பே முதலில் வேண்டியது. விசிறி அதற்குத் துணை மட்டுமே. மலைச்சரிவினை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் கொட்டகை அமைப்பதையும் தவிர்க்கவேண்டும். அங்கு காற்றோட்டம் தடைப்படும் என்பது மட்டுமன்று காரணம். 2016 மே மாதம் இதே மாவட்டத்தின் அரநாயக்கவில் நிகழ்ந்த மண்சரிவு மறக்கக்கூடியதன்று.

தீனி, நீர், வெளிச்சம்

முற்பகல் பத்து மணிமுதல் பிற்பகல் மூன்று மணிவரை தீனி இடுவதைத் தவிர்த்து, அதிகாலையிலும் மாலையிலும் இடுவதே சிறந்தது. முட்டைக் காடைக்குத் தீனியில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதமும் 2.5 சதவீதத்திற்குக் குறையாத கல்சியமும் வேண்டும். பறவை குறைவாக உண்ணும் காலத்தில் தீனியின் தரத்தைக் குறைப்பது இரட்டை இழப்பாகும்.

முட்டை உற்பத்திக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியால வெளிச்சம் தேவை. இலங்கையில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் 12 மணித்தியாலத்தை அண்டியே இருப்பதால் மின்குமிழ் அவசியமாகின்றது. அந்த மேலதிக வெளிச்சத்தின் பெரும்பகுதியை அதிகாலை நான்கு மணியளவில் வழங்கினால், நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில் பறவைகள் வயிறார உண்ணும்.

நீர்த்தாங்கியும் குழாயும் வெயிலில் இருந்தால் பறவைக்குக் கிடைப்பது வெந்நீரே. நிழலில் வைத்து, நண்பகலில் ஒருமுறை புதுநீர் மாற்றவேண்டும். பறவைகள் விற்றமின் சி சத்தினைத் தம் உடலிலேயே உற்பத்தி செய்கின்றன. ஆயினும் கடும் வெப்பத்தில் அது போதாமற் போகின்றது. 34 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட ஜப்பானியக் காடைகளுக்குத் தீனியில் விற்றமின் சி, விற்றமின் ஈ ஆகியவற்றைச் சேர்த்தபோது பாதிப்புக் குறைந்ததைத் துருக்கியின் பிராத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டினையடுத்த ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர். விற்றமின்களையும் சோடியம் இருகாபனேற்று, உப்புச்சத்துக் கலவைகள் என்பவற்றையும் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி நீரிற் கலந்து வழங்கலாம். ஆனால் காற்றோட்டமற்ற கொட்டகையின் குறையை எந்த மருந்தும் ஈடுசெய்யாது.

தீனியை இரு வாரங்களுக்கு வேண்டிய அளவு மட்டுமே வாங்கி, நிலத்திலும் சுவரிலும் படாதவாறு மரச்சட்டத்தின் மேல் வைக்கவேண்டும். கட்டிபட்ட, மணம் மாறிய தீனியைக் காயவைத்துப் பயன்படுத்துவது தவறு. காய்ந்தாலும் நச்சு அகலாது.

குஞ்சுகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 பாகையளவு வெப்பம் வேண்டும். மழைக்கால இரவுகளில் அவை குளிராலும் ஈரத்தாலுமே மடிகின்றன. பெரிய பறவைகளுக்கான அறிவுரையை குஞ்சுகளுக்குப் பொருத்தலாகாது.

ஆபத்தினை அறிதல்

வாய் திறந்து இளைத்தல், இறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்தல், கூட்டின் ஓரத்தில் அசையாது கிடத்தல், தண்ணீர்போல் கழிதல் என்பன வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகளாகும். அவ்வேளையில் பறவைகளைத் துரத்திப் பிடிக்காமல், கூடுகளின் நெருக்கத்தைக் குறைத்து, விரிப்புகளை அகற்றி, குளிர்ந்த நீரை வழங்கவேண்டும். கொட்டகையினுள் நீர் தெளிப்பதைவிடக் கூரையின் மேல் நீர் ஊற்றுவது மேலானது.

மலிவான வெப்ப, ஈரப்பத மானி ஒன்றைப் பறவைகளின் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு இருமுறை அளவினைக் குறித்து, அதனருகே அன்றைய முட்டை எண்ணிக்கையையும் எழுதி வருவது எந்த நூலும் தராத அறிவைத் தரும். எந்த அளவில் தமது பண்ணை தளர்கின்றது என்பதை ஓராண்டுக் குறிப்பே காட்டிவிடும்.

செய்யப்படவேண்டியவை

2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடையையும் அதனைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியையும் அடுத்துச் சோளத்திற்கும் தீனிக்கும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டிய நிலை உருவானது. வீட்டு வாயிலில் கிடைக்கும் புரதத்தின் பெறுமதியை நாடு அப்போது உணர்ந்தது. போசாக்குக் குறைபாடு நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டப்பட்டுவரும் தோட்டப்புறங்களில் அதன் பெறுமதி இன்னும் அதிகம்.

கால்நடை உற்பத்தி மற்றும் சுகாதாரத் திணைக்களமும் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் இத்துறையில் அறிவும் அனுபவமும் உடையவை. தாழ்நில ஈரவலயத்திற்கென, தோட்ட மக்கள் வாசித்து விளங்கக்கூடிய தமிழில், காடை வளர்ப்புக் கையேடு ஒன்றினை வெளியிடுவது அவற்றுக்கு இயலாத காரியமன்று. லயன் அறையின் கோடியில், சமையற் புகைக்கும் அயல்வீட்டுச் சுவருக்கும் இடையே கூடுகளை அடுக்கிவைக்கும் குடும்பத்திடம் காற்றோட்டம் பற்றிப் பேசுவதில் பயனில்லை. தனிக் கொட்டகைக்கு நாற்பது, ஐம்பது சதுர அடி நிலம் வேண்டும். அந்நிலத்தைப் பயன்படுத்தும் அனுமதி தோட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளது. அதனை வழங்குவதால் நிர்வாகங்களுக்கு ஏற்படும் இழப்பு மிகச் சிறிது.

வானிலையை மாற்றும் வல்லமை எவருக்கும் இல்லை. ஆனால் கூரையை உயர்த்துவதும், விரிப்பை அகற்றுவதும், ஆறு பறவைகள் இருந்த இடத்தில் நான்கை வைப்பதும் எவராலும் இயலக்கூடியவை. கரவனெல்லவின் காற்றுக்கேற்பக் கொட்டகையை அமைப்பவருக்கே காடை வளர்ப்பு நிலையான வருவாயைத் தரும்.